ஆராய்ச்சி மாணவருக்கு நிலைநிதி எதற்கு?

கோயிலுக்கு வயல் எழுதி வைக்கும் வழக்கத்தைக் கமக்காரர் நன்கறிவர். அவ்வயல் விற்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் அதில் விளையும் நெல்லின் வருவாயிலேயே விளக்கும் பூசையும் நடைபெறும். எழுதி வைத்தவர் மறைந்த பின்னரும் அவை நிற்பதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்படும் நிலைநிதியும் இத்தகையதே. முதலைத் தொடாது, அதன் வருவாயை மாத்திரம் மாணவருக்குச் செலவிடுவர். பட்டம் பெற்ற பின்னும் பயிர்களை ஆராயும் ஒருவருக்குப் பிறர் பணம் கொடுப்பதேன் என்று மாத்தளைப் பகுதிக் கமக்காரர் சிலர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே.

1950களின் பிற்பகுதியில் பத்தலகொடையிலிருந்து வெளிவந்த எச்-4 நெல்லை மூத்த கமக்காரர் மறந்திரார். நம் நாட்டு முருங்கக்காயன் 302 இனத்தையும் இந்தோனேசிய மாஸ் இனத்தையும் கலந்து பெறப்பட்டது அது. கலப்பு வித்தை விதைத்ததும் புதிய இனம் கிடைத்துவிடுவதில்லை. இரண்டாந் தலைமுறையில் நெட்டையும் குட்டையும், முந்தி விளைவதும் பிந்தி விளைவதும் கலந்தே தோன்றும். அவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து ஆறேழு தலைமுறைகள் விதைத்தாலன்றிக் குணம் நிலைபெறாது. ஆண்டுக்கு இரு போகமெனினும் இதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். பின்னர் பல பகுதிகளிலும் பரீட்சித்தல் வேண்டும். இடையில் பணமின்றி மாணவர் விலகுவாராயின், தெரிந்தெடுத்த வித்துக்கள் களஞ்சியத்திற் கிடந்து முளைதிறனை இழக்கும். அடுத்தவர் முதலிலிருந்தே தொடங்கவேண்டியதுதான்.

நிலைநிதியாற் பயனடைந்தோருள் ஈ. கே. ஜானகி அம்மாள் குறிப்பிடத்தக்கவர். 1897இல் தலைச்சேரியிற் பிறந்த இவர், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிற் கற்பித்து வந்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே, ஆசியப் பெண்கள் உயர்கல்வி பெறும்பொருட்டு லீவை பார்பர் என்பவர் 1917இல் நிலைநிதியொன்றை நிறுவியிருந்தார். அந்நிதியின் புலமைப்பரிசிலைப் பெற்று அங்கு சென்ற ஜானகி அம்மாள், 1931இல் அறிவியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்கண்ட்ரா என்னும் செடியின் நிறமூர்த்தங்களை. கறிக்குதவாத செடி! இதனால் என்ன இலாபம் என்று நிதியை அளித்தவர் கேட்டிருப்பின் அவ்வாராய்ச்சியே நடந்திராது. ஆயினும், அங்கு பெற்ற பயிற்சியுடன் 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனவிருத்தி நிலையத்திற் பணியாற்றினார். சாறுமிக்க கரும்பை, வறட்சியையும் நோயையும் தாங்கும் காட்டுக் கரும்புடன் கலந்து புதிய இனங்களைப் பெறும் நிலையம் அது. எக்கலப்பு வித்துத் தரும், எது மலடாகும் என்பதை அறிய நிறமூர்த்தங்களை எண்ணுதல் பெரிதும் உதவும். பயிர்ச் செடிகளின் நிறமூர்த்தத் தொகைகளைத் திரட்டி, டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து 1945இல் பெருநூலொன்றையும் வெளியிட்டார். பார்பர் நிதி நூறாண்டு கடந்தும் நிலைத்துள்ளது.

நம் அயலில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயத்துக்கான பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1975 முதல் இயங்கி வருகின்றது. ஆராய்ச்சி மாணவர் பலர் குறித்த காலத்துத் திட்டப் பணத்தையோ, தம் சம்பளத்தையோ நம்பியே பயில்கின்றனர். திட்டம் முடியும் நாளுக்கும் பயிர் விளையும் நாளுக்கும் பொருத்தம் இருப்பதில்லை. ஆகவே பழைய மாணவரும் வணிகரும் நிதி அளிக்க விரும்பும்போது, ஒருமுறை செலவாகும் பரிசிலிலும் நிலைநிதியே மேலென்பது எமது எண்ணம்.

கமக்காரர் பணம் அளிக்கவேண்டியதில்லை. மாணவர் வயலுக்கு வரின், விதைத்த இனம், விதைத்த நாள், இட்ட பசளை ஆகியவற்றைக் குறித்து வைத்துக் கூறுக. நிறுத்து முடியுமுன் பரீட்சைப் பாத்தியை அறுவடை செய்யற்க. கத்தரி அல்லது தக்காளி பச்சையாகவே திடீரென வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பார்க்குக. பால்போன்ற இழை கசியின் அது பற்றீரிய வாடல் நோயாகும். அவ்வாறான செடிகளைப் பிடுங்கி எரித்தல் வேண்டும். மாணவர் அன்றோ மறுநாளோ வருவதாயின், ஒன்றிரண்டை மாத்திரம் நிலத்திலேயே விட்டு, அப்பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் பாயாது வரம்பை அடைத்து வைக்க.