மரத்தடி மண்

உள்ளே வயிரமுடையது மரம். புறத்தே வயிரமுடையது புல். தொல்காப்பிய மரபியல் வகுத்த இவ்வேறுபாட்டின்படி, நம் குடாநாட்டின் அடையாளமாகிய பனை மரமன்று, புல்லே. வகுப்பில் இதனைக் கூறும்போது மாணவர் நகைப்பதுண்டு. ஆயினும், பனங்கூடலிலும் மாஞ்சோலையிலும் நடந்து நிலத்தை நோக்குவோர்க்கு வேறோர் உண்மையும் புலப்படும். பனையின் அடியில் வேறு புற்களும் உடன் வாழும். முதிர்ந்த மாவின் அடியில் வெறுமண்ணே கிடக்கும். பனை வெயிலுக்கு வழிவிடுகிறது. மாவின் செறிந்த தழை அதனை மறைத்துவிடுகிறது. அறுகோ வெயிலை நாடும் புல். அடர்நிழலில் மெலிந்து மாயும்.

வெறுமண் கண்ணுக்குத் துப்புரவாகத் தோன்றலாம். நம்மவர் வைகறையில் வளவைக் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்துவதும் அத்துப்புரவு கருதியே. பாம்பும் பூச்சியும் கண்ணிற்படவேண்டும் என்னும் எச்சரிக்கையும் அதிற் கலந்துள்ளது. முற்றத்துக்கு அது தகும், மரத்தடிக்குத் தகாது. சருகு மரம் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் உரம். அதனை நீக்கினால் மண் இறுகும். மழைநீர் உள்ளிறங்காது ஒழுங்கைக்கு ஓடும். போகும்போது மேல்மண்ணையும் கொண்டுபோகும்.

இங்கே இஃது அழகு பற்றிய வினா மட்டுமன்று. வற்றாத ஆறு ஒன்றேனும் நமக்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவதே. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழையே சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. நம் கிணறுகள் அந்நீரையே நம்பியுள்ளன. ஓடிப்போகும் மழை கிணற்றுக்கு இல்லாத மழை.

நான் அறிந்த பாடசாலை ஒன்றில், முதிய வேம்பொன்றின் அடிமண் கரைந்து வேர்கள் வெளிப்பட்டன. புல் பதித்தார்கள், கருகிற்று. பின்னர்ச் சீமெந்து பூசிவிடலாம் என்றனர் சிலர். மரத்தையே தறித்துவிடலாம் என்றனர் வேறு சிலர். நிழலில் புல் வளரவில்லையெனின் குற்றம் நிழலினதா, புல்லைத் தெரிந்தவரதா என்று நான் வினவினேன். மாணவரைக்கொண்டு நிழலை விரும்பும் பயிர்களை நடுவதென முடிவாயிற்று. அவ்வேம்பு இன்றும் நிற்கிறது.

அத்தகைய பயிர்கள் நமக்குப் புதியனவல்ல. மஞ்சள், இஞ்சி, கூவை ஆகியன மென்னிழலில் நன்கு வளரும். கிணற்றடியை ஒட்டிய ஈரநிழலில் வல்லாரை படரும். ஓரளவு வெயில் எட்டும் விளிம்பில் கற்பூரவள்ளியை நடலாம். நீர் அரிதான வறண்ட நிழலுக்கு மருளே ஏற்றது. பாலைநிலத்தைப் பாடிய சங்கப் புலவர் சுட்டும் மரல் இதுவே என்பர். தாவரவியலார் அதன் பெயரோடு இலங்கையின் பெயரையும் இணைத்துள்ளனர்.

நடும் முறையில் கவனம் வேண்டும். மரத்துக்கு உணவூட்டும் நுண்வேர்களிற் பெரும்பாலன மேல்மண்ணிலேயே பரந்துள்ளன. ஆதலால் மண்வெட்டியால் ஆழக் கொத்தலாகாது. வேர்களுக்கிடையே கையளவு குழிகள் தோண்டி, மக்கிய எருவிட்டு, ஐப்பசி மழையோடு நடுக. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்தல் கூடாது, பட்டை அழுகும். எஞ்சிய இடத்தைச் சருகு மூடட்டும். முதலாண்டு நீர் ஊற்றவேண்டும். பெருமரத்தோடு நீருக்குப் போட்டியிடும் சிறுசெடிக்கு அவ்வுதவி தேவை.

தென்னிலங்கையில் இறப்பர் பயிரிடுவோர் இளமரங்களுக்கிடையே அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணைக் காக்கின்றனர். கேரளத்தார் தென்னையின் கீழ் இஞ்சியும் மஞ்சளும் விளைவிக்கின்றனர். அவர்கள் வருவாய் கருதிச் செய்வதை நாம் நீர் கருதியேனும் செய்யலாமன்றோ?

ஆசிரியரும் மாணவரும் இதனைத் தொடங்குதல் எளிது. பாடசாலைதோறும் ஒரு பெருமரம் நிற்கிறது. அதன் கீழ் ஒரு வெறுநிலம் கிடக்கிறது. வரும் மாரிக்கு முன் அதனை மூடுவோமாக.