துவக்கும் அதன் கண்ணும்

மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். துவக்குக்கும் அதன்மேற் பூட்டும் தொலைகாட்டிக்கும் பொருத்தம் பார்த்தல் வேண்டும் என்றால் நகைப்போரும் உளர். ஆயினும் அத்தகைய பொருத்தம் ஒன்று உண்மையாகவே உண்டு. பழைய போர்களிற் பயன்பட்ட தொலைகாட்டியை, அப்போர்க்காலத் துவக்கின் சாயலில் இக்காலத்திற் புதிதாகச் செய்த துவக்கொன்றில் ஏற்றி அழகுபார்ப்போர் மேனாடுகளிற் பலர். வியட்நாம் போர்க்கால எம்-16 துவக்கைப் போன்றே ஒன்றைச் செய்து, அதன் கைப்பிடிமேல் அக்காலத்து மும்மடங்குத் தொலைகாட்டியைப் பூட்டுவது அமெரிக்கரிடையே காணப்படும் ஒரு பொழுதுபோக்கு. இவர்களுட் பலர் நாடுவது காலப் பொருத்தம் ஒன்றையே. இன்ன ஆண்டுத் துவக்குக்கு இன்ன ஆண்டுக் கண்ணாடி என்பது அவர்தம் கணக்கு. அது வேண்டியதே, ஆனாற் போதாது. காட்சிக்குப் பொருந்தியது கணக்குக்குப் பொருந்தாமற் போதலும் உண்டு. இதனை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நம் துறைமுக வாயிலில் நிற்கும் ஓஸ்டன்பேர்க் குன்றே போதிய சான்றாகும்.

தமிழாசிரியன் ஒருவன் படைக்கலம் பற்றி எழுதுவதா என்று பழைய மாணவர் சிலர் வியத்தல் கூடும். சொற்களின் வழியாகவே யான் இப்பொருளுக்கு வந்தேன். ஏட்டில் 'துப்பாக்கி' என்றும், நம் நாட்டுப் பேச்சில் 'துவக்கு' என்றும் வழங்கும் இரு சொற்களும் துருக்கிய மொழியின் 'துபெக்' என்பதோடு உறவுடையன என்பர். கருவி வேற்றுநாட்டிலிருந்து வந்தது. பெயரும் உடன் வந்தது. 'தொலைகாட்டி', 'வில்லை' என்பனவோ நம்மவர் ஆக்கிக்கொண்ட நல்ல தமிழ்ச் சொற்கள். ஆகவே பெயரளவிலும் இவை இரண்டும் வேறு வேறு குடியிற் பிறந்தவையே.

இனிப் பொருளுக்கு வருவோம். குண்டு நேர்கோட்டிற் செல்வதில்லை. குழலை விட்டு நீங்கிய கணமே வீழத் தொடங்குகிறது. கண்ணின் பார்வையோ நேர்கோட்டிற் செல்வது. இவ்விரண்டு கோடுகளும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே தொலைகாட்டியிலுள்ள தொலைவுக் குமிழின் வேலை. அக்குமிழில் 200, 400, 600 எனப் பொறித்த எண்கள் வெறும் எண்களல்ல. குறித்த ஒரு குண்டு, குறித்த ஒரு வேகத்தில், அவ்வத் தொலைவில் எவ்வளவு வீழும் என்ற கணக்கின் சுருக்கமாகும். குண்டு மாறினால் அவ்வெண்கள் பொய்யாகிவிடும்.

இக்கணக்கின் மிகப் பெரிய வடிவத்தை நம் துறைமுகத்துக் கரையோரப் பீரங்கிகளிற் காணலாம். ஓஸ்டன்பேர்க் மேட்டில், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி சேர் சாமுவேல் ஹூட்டின் பெயர்கொண்ட ஹூட்ஸ் டவர் உள்ளது. அவர் 1814இற் சென்னையில் உயிர்நீத்தவர். அவ்விடத்தை இன்று இலங்கைக் கடற்படையினர் அரும்பொருட்சாலையாகப் பேணிவருகின்றனர். குன்றின்மேற் பீரங்கி வைத்ததற்கு, உயரத்திலிருந்து வெகுதூரம் தெரியும் என்பது மட்டும் காரணமன்று. உயரமே ஓர் அளவுகோல் என்பதை ஆங்கிலப் பீரங்கிப் படையினர் அறிந்திருந்தனர். கடல்மட்டத்திலிருந்து நாம் நிற்கும் உயரம் தெரிந்திருந்து, கப்பலின் நீர்க்கோட்டை நோக்கும்போது தொலைகாட்டி எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்கிறது என்பதும் தெரிந்தால், கப்பலின் தொலைவு தானே வந்துவிடும். நம் மாணவர் முக்கோண கணிதத்திற் படிக்கும் இறக்கக் கோணம் இதுவே. இம்முறையில் தொலைவறியும் கருவியை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வொற்கின் என்னும் பீரங்கிப்படை அதிகாரி ஆக்கினார்.

இதனினும் வியப்பானது, பின்னர் வந்த தன்னியக்கக் குறிகாட்டி. பீரங்கியோடு இணைத்த ஒரு தொலைகாட்டியின் குறுக்கிழையைக் கப்பலின் நீர்க்கோட்டில் வைத்துக்கொண்டிருந்தாற் போதும். பீரங்கியின் குழல் தானே வேண்டிய அளவு உயர்ந்து நிற்கும். தொலைவு கேட்பாரும் சொல்வாரும் வேண்டா. இதைச் செய்வது, வளைந்த விளிம்புடைய ஓர் உலோகத் தகடு. அவ்வளைவில் இரண்டு கணக்குகள் அடங்கியிருந்தன: அந்தப் பீரங்கியின் குண்டு பறக்கும் வகை ஒன்று, அந்தக் குன்றின் உயரம் மற்றொன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 60 மீற்றர் உயரத்துக்கென வெட்டிய தகட்டை 40 மீற்றர் உயரமான வேறொரு மேட்டுக்குக் கொண்டுசென்று பூட்டினால் என்னாகும்? 60 மீற்றர் உயரத்திலிருந்து 3000 மீற்றரில் நிற்கும் கப்பல் காட்டும் கோணத்தையே, 40 மீற்றர் உயரத்திலிருந்து 2000 மீற்றரில் நிற்கும் கப்பலும் காட்டும். தகடு 3000 என்றே எண்ணிக் குழலை உயர்த்தும். குண்டு கப்பலைக் கடந்து ஆயிரம் மீற்றர் அப்பால் வீழும். பீரங்கியும் அதுவே, கண்ணாடியும் அதுவே, காலமும் அதுவே; குன்று ஒன்றுதான் வேறு. ஆனாலும் பொருத்தம் போயிற்று!

கடல்மட்டம் ஏறி இறங்கினும் உயரம் மாறுமன்றோ? ஆதலால் வற்றுப்பெருக்குக்கும் திருத்தம் செய்தனர். 60 மீற்றர் உயரத்தில் நிற்பவனுக்கு நீர்மட்டம் ஒரு மீற்றர் மாறினால், 3000 மீற்றர் தொலைவில் ஏறக்குறைய 50 மீற்றர் பிழை வரும். இங்கிலாந்தின் கரைகளிற் பல மீற்றர் ஏறியிறங்கும் கடல், திருகோணமலையில் ஒரு மீற்றருக்கும் குறைவாகவே ஏறியிறங்குகிறது. நம் விரிகுடா இவ்வகையிலும் பீரங்கியாளருக்கு வாய்ப்பான இடமே. பூமி உருண்டை என்பதையும் அவர்கள் மறந்தாரல்லர்; 3000 மீற்றரில் கடற்பரப்பு சுமார் 70 சதமமீற்றர் தாழ்ந்துவிடுகிறது.

இத்துணை நுட்பமாகக் காத்த துறைமுகத்துக்கு 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் பகை வந்தபோது, வந்தவை கப்பல்களல்ல; யப்பானிய வானூர்திகள். நீர்க்கோட்டை நோக்கும் கண்ணுக்கு வானத்தில் என்ன வேலை? 1957 ஒக்டோபரிற் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

பீரங்கியிற் கண்ட இவ்விதி தோளிலேந்தும் துவக்குக்கும் ஒக்கும். இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலப் படையின் குறிசுடுநர் ஏந்தியது .303 அங்குல லீ-என்பீல்ட் துவக்கின் நான்காம் இலக்க வகை. அதன்மேல் இருந்தது 32ஆம் இலக்கத் தொலைகாட்டி. இத்தொலைகாட்டி முதலிற் கருதப்பட்டது பிரென் இயந்திரத் துவக்குக்காக. வந்து சேர்ந்ததோ வேறிடம். நன்கு சுடும் துவக்குகளைத் தெரிந்தெடுத்து, ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்திடம் அனுப்பி, ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு தொலைகாட்டியைத் தனித்தனியே இசைவித்தனர். துவக்கின் எண்ணைத் தொலைகாட்டியின் தாங்கியிலும், தொலைகாட்டியின் எண்ணைத் துவக்கின் சோங்கிலும் பொறித்தனர். பிரிந்தாலும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்க இஃது ஏற்பாடு. போரின் பின் இவை ஏலத்திற் போய்ச் சிதறின. எண் ஒத்த இணை ஒன்று கிடைப்பின் சேகரிப்போர் அதற்குப் பெருவிலை கொடுப்பது இதனாலேயே.

1970 அளவில் ஆங்கிலேயர் அப்பழந் துவக்குகளுக்கு 7.62 மில்லிமீற்றர் குழல் பூட்டி எல்-42 என்று பெயரிட்டனர். தொலைகாட்டியைத் தூக்கி எறியவில்லை. அதே 32ஆம் இலக்கக் கருவியைத் திருத்தி வைத்துக்கொண்டனர். ஆனால் தொலைவுக் குமிழைப் புதிய குண்டுக்கேற்ப மாற்றினர். அதன் தேவையை எளிய கணக்காற் காணலாம். பழைய .303 குண்டு நொடிக்கு ஏறத்தாழ 744 மீற்றர் வேகத்திற் புறப்படும். புதியது 838 மீற்றர். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 200 மீற்றரில் முன்னது 35 சதமமீற்றரும் பின்னது 28 சதமமீற்றரும் வீழும். வேறுபாடு ஏழே சதமமீற்றர். 400 மீற்றரிலோ அவ்வேறுபாடு 30 சதமமீற்றர் ஆகிவிடும். காற்றின் தடையையும் சேர்த்தால் எண்கள் இன்னும் மாறும். பழங்கண்ணைப் புதுத் துவக்கிற் பூட்டுவோர் பின்பற்றத்தக்க முன்மாதிரி இதுவே என்பது என் துணிபு: கண்ணாடி பழையதாகவே இருக்கட்டும், கணக்குப் புதிதாதல் வேண்டும்.

இன்னொன்று, தொலைகாட்டி குழலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. எம்-16 போன்றவற்றிற் கைப்பிடிக்கு மேல் ஏறியிருக்கும் கண்ணாடி, குழலை விட்டு வெகு உயரத்தில் நிற்கும். அருகிலுள்ள இலக்கைக் கண் சரியாகக் காணும். குண்டோ அவ்வளவுக்குக் கீழே சென்று தைக்கும்.

பழைய கண்ணாடிக்கெனச் சில இயல்புகளும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தபின் எஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கே. ஒளி சிதறாதிருக்க வில்லைகளுக்குப் பூச்சிடும் முறையை 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மாக்குலா கண்டார். ஆகவே பழைய கருவியின் மங்கல், பழுதின் அடையாளமாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை, பிறவிக்குணமாகவும் இருக்கலாம். மங்கலைப் போக்கவென்று துணியால் தேய்ப்பவர் கண்ணாடியைக் கீறிவிடுவர். இரண்டு வில்லைகளை ஒட்டக் கனடாப் பிசின் பயன்படுத்தினர்; அது காலப்போக்கில் மஞ்சளித்துப் பிரியும். இவற்றோடு நம்மூர்க் கடற்காற்றின் ஈரம் சேர்ந்தால், வில்லையின் உள்ளே பூஞ்சணம் சிலந்திவலை போற் படரும்.

சில பழங்கருவிகளில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு இட்டிருப்பர். இன்று அது ஒளிராதிருத்தல் கண்டு நஞ்சு போயிற்று என்று எண்ணற்க. ஒளிரும் பொருள்தான் கெட்டது. ரேடியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டு ஆகும். இத்தகைய கருவியைத் திறத்தலோ, பூச்சைச் சுரண்டுதலோ கூடாது.

நம் மாவட்டத்தில் இப்பொழுதுபோக்குக்கு வேறொரு தடையும் உண்டு, சட்டம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ், உரிமப்பத்திரமின்றிச் சுடும் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். சுடாத மரத் துவக்காயினும், போர்க்கால இன்னலைக் கண்ட ஊரில் அதனைத் தெருவிலே தூக்கிச் செல்வது அறிவுடைமையன்று; இருளிற் காண்பவனுக்கு மரமும் இரும்பும் ஒன்றே. நிலத்திலோ கடலோரத்திலோ அகப்படும் குண்டு முதலியவற்றைத் தொடாது பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

தொலைகாட்டி மட்டுமாயின், பாட்டன் காலத்தது ஒன்று வீட்டுப் பெட்டகத்திற் கிடத்தல் கூடும். அதனைத் துலக்கி மெருகிடுமுன், அதன் உடலிலும் தாங்கியிலும் பொறித்துள்ள எண்களை ஓர் ஏட்டில் எழுதிவைக்குமாறு பழைய மாணவரை வேண்டுகின்றேன். மெருகிடுவோர் முதலில் அழிப்பது அவ்வெண்களையே. பின்னர்த் தோலுறையிலிருந்து எடுத்து (தோல் ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும்), சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்கலாம். பொட்டலம் கிடையாதவிடத்து, உப்புச் சாடியில் நம் தாய்மார் இடும் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்தாலும் ஓரளவு பயன்படும். வாரம் ஒருமுறை மாற்றுதல் வேண்டும்.