அதிக ஷாட் அடித்தும் வெளியேறிய அணி: ஐஸ் ஹாக்கி புள்ளிவிவரம் எங்கே சறுக்குகிறது?

வட அமெரிக்காவின் என்எச்எல் ஐஸ் ஹாக்கி லீக், 2017-18 சீசன். எதிரணியை விட அதிக ஷாட் முயற்சிகள் எடுத்த அணிகளில் முன்வரிசையில் இருந்தது கரோலினா ஹரிகேன்ஸ். அப்போ கோப்பைக்குப் பக்கத்தில் போயிருக்கணுமே? இல்லை. பிளே-ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. பொது மேலாளர் ரான் பிரான்சிஸ் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். பயிற்சியாளர் பில் பீட்டர்ஸ் விலகினார்.

புள்ளிவிவரம் பொய் சொன்னதா? பார்ப்போம்.

கோர்சி என்றால் என்ன?

கோல் ஆனது, கோல்கீப்பர் தடுத்தது, வெளியே போனது, நடுவில் ஒரு வீரர் மறித்தது என எல்லா ஷாட் முயற்சிகளையும் எண்ணும் கணக்குதான் 'கோர்சி'. பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஆட்டம் பெரும்பாலும் அந்த அணியின் கையில் இருந்தது என்று அர்த்தம்.

ஏன் கோலை மட்டும் எண்ணக்கூடாது? ஒரு மேட்சில் விழுவது ஐந்தாறு கோல்தான். அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஷாட் முயற்சிகளோ நூறைத் தாண்டும்.

கைகொடுத்தது எப்போது?

2013-14ல் கொலராடோ அவலாஞ்ச் அணி 112 புள்ளிகள் எடுத்து தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அதன் கோர்சி 50 சதவீதத்துக்குக் கீழே. கோல்கீப்பர் செம்யோன் வர்லாமோவ்தான் அணியைத் தாங்கிப் பிடித்தார். 'இது நீடிக்காது' என்றனர் புள்ளிவிவர ஆய்வாளர்கள். அடுத்த சீசனில் 90 புள்ளிகள் மட்டுமே. பிளே-ஆஃப் வாய்ப்பும் போச்சு.

சறுக்குவது எங்கே?

* ஷாட்டின் தரம்: வலைக்கு முன்னால் நின்று அடிப்பதும், தூரத்திலிருந்து அடிப்பதும் கோர்சியில் ஒன்றுதான். இதைச் சரிசெய்ய 'எதிர்பார்க்கப்படும் கோல்' கணக்கு வந்தது. ஆனால் ஷாட்டுக்கு முன் வந்த பாஸ், கோல்கீப்பரின் பார்வையை மறைத்து நின்ற வீரர் போன்றவை பொதுவெளித் தரவில் பெரும்பாலும் இருக்காது.

* ஸ்கோர் நிலவரம்: முன்னிலையில் இருக்கும் அணி தடுப்பாட்டத்துக்கு மாறும். பின்தங்கிய அணி ஷாட்களாக அடித்துத் தள்ளும். கணக்கில் தோற்கும் அணி சிறந்ததாகத் தெரியும்.

* பிளே-ஆஃப்: 2018-19ல் 62 வெற்றிகளைக் குவித்த டாம்பா பே லைட்னிங், முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் 4-0 என வீழ்ந்தது. சில மேட்ச்களில் எதுவும் நடக்கலாம்.

* கோல்கீப்பர்: கோர்சியில் அவருக்கு இடமே இல்லை. கரோலினா மாட்டிக்கொண்டது இங்கேதான். 2017ல் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த ஸ்காட் டார்லிங், முதல் சீசனில் தடுத்தது 88.8 சதவீத ஷாட்களை மட்டுமே. லீக் சராசரி 91 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

பிறகு என்ன ஆச்சு?

2018-19ல் புதிய பயிற்சியாளர் ராட் பிரிண்டமோர் வந்தார். கோல்கீப்பர்களாக பீட்டர் மிராசெக், கர்டிஸ் மெக்கெல்ஹினி சேர்ந்தனர். 2009க்குப் பிறகு முதல்முறையாக பிளே-ஆஃப் சென்ற கரோலினா, கிழக்கு மண்டல இறுதிச்சுற்று வரை போனது.

அதாவது, முந்தைய ஆண்டு ஷாட் கணக்கு சொன்னது தப்பில்லை. களத்தில் ஓடிய வீரர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். வலைக்கு முன் நின்றவரைப் பற்றி அந்தக் கணக்கு எதுவுமே சொல்லவில்லை.