தென் சென்னைப் புறநகர்ச் சுற்றுலாவும் காலநிலைத் தகவமைப்பும்: கள ஆய்வின் எல்லை குறித்து

முன்னுரை

சுற்றுலாவையும் காலநிலை மாற்றத்தையும் இணைத்து நோக்கும் ஆய்வுகளில் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களுக்குத் தனி இடம் உண்டு. கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் என்னும் சிற்றூர் இதற்கு அடிக்கடி காட்டப்பெறும் சான்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடல் உறைவதை எதிர்நோக்கிக் கரையில் கூடும் பனிக்கரடிகளைக் காணப் பயணிகள் அங்குச் செல்கின்றனர். மறைவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்னும் இவ்வேட்கையை ஆய்வாளர்கள் 'கடைசி வாய்ப்புச் சுற்றுலா' என்பர். எனினும் அண்மையில் அவ்வூருக்கு நேர்ந்த பெரும் இடையூறு வேறு வழியில் வந்தது. சாலைத் தொடர்பில்லாத சர்ச்சிலின் ஒரே இருப்புப்பாதையை 2017 மே மாத வெள்ளம் அரித்துச் சென்றது. 2018 இறுதியில்தான் தொடர்வண்டி மீண்டும் ஓடியது. காட்சிப்பொருளை மட்டும் அளக்கும் ஆய்வுக்கு இத்தகைய பாதிப்பு புலப்படாது. தாம்பரத்தை அடுத்த சுற்றுலா இடங்களை ஆராய்வோர்க்கும் இது பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு நீர்வழி, மூன்று சுற்றுலா இடங்கள்

செம்பாக்கம் ஏரி நிறைந்தால் அதன் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, தெற்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. இவ்வழியின் நடுவில் 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை உள்ளது. கடைக்கோடியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் முட்டுக்காடு படகுக்குழாமும், 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரையும் உள்ளன. வருவோர்க்கு இவை மூன்றும் தனித்தனி இடங்கள்; நீருக்கோ ஒரே பாதையின் அடுத்தடுத்த நிறுத்தங்கள்.

சதுப்புநிலத்தின் நிலை இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. பூநாரை உள்ளிட்ட நீர்ப்பறவைகள் பல ஆழம் குறைந்த நீரில் நின்றே இரைதேடுபவை. நீர் மிகுந்தாலும் அவை விலகும்; வற்றினாலும் விலகும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 விழுக்காடு குறைந்தது. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழை பள்ளிக்கரணைச் சுற்றுப்புறத்தை மீண்டும் மூழ்கடித்தது. ஆகவே, சராசரி மழையளவை மட்டும் கொண்டு இப்பகுதிச் சுற்றுலாவின் பருவத்தை வரையறுத்தல் பயன் தராது. பெருங்குடிக் குப்பைமேடும் குடியிருப்புகளும் சதுப்பின் பரப்பைச் சுருக்கிவிட்டமையால், ஏற்ற இறக்கங்களைத் தாங்கும் ஆற்றலும் அதற்குக் குறைந்துள்ளது. இக்குறைவு முழுவதையும் காலநிலையின் கணக்கில் எழுதுவது ஆய்வு நேர்மையாகாது.

நிழலின் இழப்பு

1855இல் சென்னை நகரில் தொடங்கி, 1985இல் வண்டலூருக்கு மாற்றப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா மற்றொரு வகைச் சான்று. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் அங்கு ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன; பூங்கா பல வாரங்கள் மூடப்பட்டது. காணும் பொங்கல் கூட்டத்திற்குப் பெயர்பெற்ற பூங்கா அது. மூடப்பட்ட நாள்களின் வருவாய் இழப்பைக் கணக்கிடல் எளிது. நிழலின் இழப்போ அடுத்தடுத்த கோடைகளில்தான் உணரப்படுகிறது. நட்ட கன்று நிழல்தரும் மரமாகப் பல்லாண்டுகள் ஆகும். அதுவரை விலங்குகளுக்கு நீர்தெளிப்பும் குளிர்ந்த பழங்களும் கிடைக்கின்றன. வெயிலில் நெடுந்தொலைவு நடக்கும் முதியோரையும் குழந்தைகளையும் குறித்த சிந்தனை தகவமைப்பு உரையாடல்களில் அரிதாகவே எழுகிறது.

களமும் காலமும்

முதுநிலை, முனைவர் பட்டக் கள ஆய்வுகள் பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் நிகழ்கின்றன. தேர்வுகள் முடிந்திருக்கும், வானிலையும் இதமாக இருக்கும், பறவைகளும் வந்திருக்கும். ஆனால் வெள்ளமும் வெம்மையும் இல்லாத அம்மாதங்களில் நிரப்பப்படும் வினாநிரல் எதற்குத் தகவமைதல் வேண்டும் என்பதையே காணத் தவறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், மே மாதத்திலும் அதே களத்திற்கு மீண்டும் செல்லுதல் இன்றியமையாதது.

தகவலாளர் தேர்விலும் மாற்றம் தேவை. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையோரத்தில் நின்று பறவை காண்போர்க்கு நுழைவுச்சீட்டு இல்லை. எனவே சீட்டுக் கணக்கில் அவர்கள் இடம்பெறார். வருகையாளரோடு செம்பாக்கம் ஏரிக்கரைக் குடியிருப்போரையும், முட்டுக்காட்டுப் படகோட்டிகளையும், உப்பங்கழியில் கையால் இறால் பிடிக்கும் இருளர்களையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். முகத்துவாரத்தில் மணல்திட்டு எப்போது அடைக்கிறது, எவ்வளவு வெள்ளம் வந்தால் அது உடைகிறது என்பதை அறிந்தவர்கள் இவர்களே. படகு செல்லும் ஆழமும், பள்ளிக்கரணையில் தேங்கிய நீர் வடியும் விரைவும் அத்திட்டைச் சார்ந்தவை. ஏரியும் சதுப்பும் படகுக்குழாமும் வெவ்வேறு நிருவாகங்களின் பொறுப்பில் இருத்தலால், ஓர் அலுவலகத்தின் ஆவணத்தை மட்டும் கொண்டு இத்தொடர்பை நிறுவ இயலாது. நீர்வழியை முழுமையாக நடந்து பதிவுசெய்த பின்னரே வினாநிரலை வகுத்தல் பொருந்தும்.