தோள் நோவும் பிலாற்றீஸ் அப்பியாசமும்

உடம்பின் உறுப்புகளுள் நன்றி பெறாது உழைப்பது தோள். அது நோகத் தொடங்கிய பின்னரே அதனை நினைக்கிறோம். கரும்பலகையின் மேல்விளிம்பில் பாடத்தின் தலைப்பை எழுத வெண்கட்டியோடு உயர்த்திய கை பாதிவழியில் நின்றுவிட்ட அன்றுதான் எமக்கும் அந்நினைவு வந்தது. அதன்பின் சட்டைக்குட் கை நுழைப்பதும், கிணற்றில் வாளி இழுப்பதும், வலப்பக்கம் சரிந்து உறங்குவதும் அரிதாயின. கோயிலிலே இரு கைகளையும் தலைமேற் குவித்து வணங்க இயலாது போனபோது உண்மையாகவே அஞ்சினோம்.

நாம் செய்த பிழைகள் இரண்டு. முதலிற் சில வாரங்கள் கையை அசையாது வைத்திருந்தோம். மூட்டு மேலும் இறுகியது. பின்னர்ப் பொறுமையிழந்து அதனை வலிந்து உயர்த்தினோம், நோ இரட்டித்தது. ஈற்றில் மருத்துவரை நாடினோம். எலும்பிற் குற்றமில்லை, தோளைச் சுற்றியுள்ள தசைநாரிலேயே குறை என்றார் அவர். அவர் அனுப்பிய இயன்மருத்துவரே பிலாற்றீஸ் என்னும் அப்பியாசத்தை எமக்கு அறிமுகஞ் செய்தார்.

இம்முறையை வகுத்தவர் ஜோசப் பிலாற்றீஸ் என்பவர். 1883 ஆம் ஆண்டு ஜேர்மனியிற் பிறந்த இவர், இளமையில் நலிந்த உடம்பினர். முதலாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் இவரை மான் தீவிலே தடுத்து வைத்தனர். உடனிருந்தோருக்கு அங்கே அப்பியாசம் பயிற்றியபோதே இம்முறை உருப்பெற்றது என்பர். 1926 இல் நியூ யோர்க் நகரிற் குடியேறிப் பயிற்சிக்கூடம் அமைத்தார். உடம்பையே முதலாகக் கொண்ட நாட்டியக் கலைஞர் பலர் அவரை நாடினர். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் ‘கொன்றோலஜி’, அதாவது கட்டுப்பாட்டுக் கலை. அவர் 1967 இல் மறைந்தபின் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

இக்கலை தோளுக்கு ஏற்றதாவது எங்ஙனம்? தோள்மூட்டின் குழி ஆழமற்றது. சிறு தட்டிலே வைத்த பந்து போலப் புயவென்பின் தலை அதன்மேற் பொருந்தியிருக்கிறது. அதனை நிலைநிறுத்துவன நான்கு சிறு தசைகள். தோட்பட்டையோ காரை எலும்பு ஒன்றினாலேயே என்புக்கூட்டோடு தொடுக்கப்பட்டது. மற்றெல்லாம் தசைகளின் பிடியே. கையை முற்றாக உயர்த்தும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டினதும், 60 பாகை தோட்பட்டையினதும் பங்காகும். தோட்பட்டை தன் பங்கைச் செய்யாதவிடத்து மூட்டின்மீது சுமை கூடலாம். ஆதலின், நோகும் இடத்தை மட்டும் நோக்காது மூச்சு, முதுகு, தோட்பட்டை யாவற்றையும் ஒருங்கே பழக்கும் இம்முறை பயன் தருகிறது.

எமக்குக் கற்பித்தவற்றுள் எளியன மூன்று. முதலாவது, பாயில் மல்லாந்து முழங்கால்களை மடக்கிக் கைகளைக் கூரை நோக்கி நீட்டுதல். முழங்கை மடியாமல், தோட்பட்டை மாத்திரம் மேலெழுந்து மீளவும் பாயிற் படிய வேண்டும். இரண்டாவது, அதே நிலையில் மூச்சை விட்டவாறு கைகளைத் தலைப்பக்கமாக மெல்லக் கொண்டு செல்லுதல். விலா எலும்புகள் மேலெழ விடாது, நோவில்லாத எல்லையிலே நிறுத்தித் திரும்ப வேண்டும். மூன்றாவது, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கை மடக்காது மார்பைச் சுவர்ப்பக்கம் சிறிது தாழவிட்டுப் பின் தள்ளுதல். ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு முறை போதும். எண்ணிக்கையன்று, செம்மையே இங்கு முக்கியம். செய்யும்போது குத்தும் நோ எழுந்தாலோ, அன்றிரவு நோ மிகுந்தாலோ அளவைக் குறைத்தல் வேண்டும்.

ஆயினும் எல்லாத் தோள் நோவும் ஒன்றல்ல. இடத்தோள் நோவோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது இருதய நோயின் அறிகுறியாகலாம். கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. விழுந்தபின் கை உயராவிடினும், மூட்டு வீங்கிக் காய்ச்சல் காணினும் அப்பியாசத்தை நாடற்க. நீரிழிவு உடையோருக்குத் தோள் இறுகும் நோய் கூடுதலாக வருவதுண்டு. அது தணிய ஓரிரு ஆண்டுகளும் செல்லலாம். மேலும், பிலாற்றீஸ் என்பது எவரும் வழங்கக்கூடிய பொதுப்பெயரே என்று 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. எனவே பெயர்ப்பலகையை நம்பாது, பயிற்றுவோரின் தகைமையை விசாரித்தறிதல் நன்று.

முதல் மாதத்தில் எமக்குப் பெரிய மாற்றம் எதுவும் தோன்றவில்லை, கைவிடவும் எண்ணினோம். ஆறாம் வாரத்தில் வலப்பக்கம் சரிந்து உறங்கினோம். நான்காம் மாதம் ஒருநாள், கரும்பலகையின் மேல்விளிம்பில் தலைப்பை எழுதி முடித்த பின்னரே கை உயர்ந்ததை உணர்ந்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன், “ஐயா, இன்றைக்குத் தலைப்பு எங்களுக்கும் தெரிகிறது” என்றான். அந்த வெள்ளிக்கிழமை கோயிலிற் கைகள் இரண்டும் ஒருமிக்க உயர்ந்தன. நாள்தோறும் பதினைந்து நிமிடம் பாயை விரிக்கும் வழக்கத்தை நாம் இன்றும் விட்டோமல்லோம்.