எம்டனும் அதை ஏவியவரும்

சூழ்ச்சியில் வல்லவன் ஒருவனைச் சுட்டி, 'அவன் பெரிய எம்டன்' என்று கூறுதல் நம் நாட்டில் வழக்காய்விட்டது. அது சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்த ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதைப் பலர் அறிவர். ஆயின், அத்துணைத் திறமை வாய்ந்த கப்பல் அதன்பின் ஏழே வாரங்களில் அழிந்தது எதனால் என்று ஆராய்வார் சிலரே. மணலி, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்னும் இவ்வூர்களில் வாழும் நமக்கு அவ்வாராய்ச்சி அயலார் கதையன்று. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது முதல் எண்ணெய்த் தொட்டிகளின் அருகிலேயே நம் வாழ்வு நடைபெறுகின்றது. எம்டன் சென்னையிற் குறிவைத்ததும் எண்ணெய்த் தொட்டிகளையே.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் யுத்தம் மூண்டபொழுது, ஜெர்மானியரின் கிழக்காசியக் கப்பற்படை சீன நாட்டின் சிங்டாவ் துறையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதன் தலைவர் வான் ஸ்பே என்பவர். பசிபிக் பெருங்கடலிலுள்ள பாகன் தீவில் ஆகஸ்டு 13-இல் அவர் தம் கப்பல் தலைவர்களைக் கூட்டி ஆலோசித்தார். படை முழுவதும் தென்னமெரிக்கா நோக்கிச் செல்வதென அவர் எண்ணியிருக்க, ஒரு கப்பலையேனும் இந்து மகா சமுத்திரத்திற்கு அனுப்புதல் வேண்டும் என்று வாதித்தவர் எம்டனின் தலைவராகிய கார்ல் வான் முல்லர். ஸ்பே இசைந்தார், எம்டனுடன் நிலக்கரிக் கப்பல் ஒன்றையும் அனுப்பினார். அவர் கொடுக்கக்கூடியது அவ்வளவே. பழுதுபார்க்கத் துறையில்லை, மாற்றுக் குண்டுகளில்லை, நிலக்கரி தீர்ந்தால் பகைவர் கப்பலைப் பிடித்தே எடுத்துக்கொள்ளல் வேண்டும். கடல்கடந்த நாடுகளிற் கப்பல்களை நிறுத்திவைத்த பெர்லின் அரசியலார், யுத்தம் வந்தால் அவற்றின் கதி யாதாகும் என்பதற்குத் தக்க ஏற்பாடு செய்துவைக்கவில்லை. அவர்களுடைய பெரும்படையோ வடகடலோரத் துறைகளில் ஒடுங்கிக் கிடந்தது.

முல்லர் தமக்கு மூன்று புகைபோக்கிகளே இருத்தலை உணர்ந்து, பொய்யாக நான்காவதொன்றையும் அமைத்துக்கொண்டு, ஆங்கிலக் கப்பல்போல் தோற்றினார். செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வியாபாரக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார். செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைக்கெதிரே வந்து, சுமார் 3,000 கஜ தூரத்தில் நின்று, தேடுவிளக்கை ஏற்றிச் சுட்டார். ஏறக்குறைய பத்து நிமிஷத்தில் 130 குண்டுகள் வரையிற் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் தொட்டிகள் இரண்டு தீப்பற்றி எரிந்தன. துறையில் நின்ற கப்பலிலும் சிலர் மாண்டனர். உயர்நீதிமன்றத்தின் மதிலருகே ஒரு குண்டு வீழ்ந்த இடத்தை இன்றும் ஒரு கல் காட்டி நிற்கின்றது.

ஈண்டு நம் நகரின் குறையையும் மறைத்தல் தகாது. யுத்தம் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. எம்டன் அருகிலுள்ள கடலில் திரிவதும் அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் துறைமுக விளக்குகள் வழக்கம்போல் எரிந்தன. பகைவனுக்கு வழிகாட்டக் கலங்கரை விளக்கமும் இருந்தது. கரையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டுகளில் ஒன்றேனும் எம்டன்மேற் படவில்லை. மறுநாள் முதல் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். (செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்னும் கதை கேட்க இனியதே, ஆனால் அவர் அக்காலத்தில் சுவிட்சர்லாந்தில் இருந்தார்.)

எரிந்த எண்ணெயைவிடச் சிதைந்த துணிவே பெரிது. ஆயினும் அவ்வச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள அடுத்த கப்பல் வரவில்லை என்பதை நோக்குக. தனியொரு கப்பல் எங்கும் அச்சம் விளைக்கலாம். எங்கும் நிலைத்து நிற்கவியலாது. அக்டோபர் 28-இல் பினாங்குத் துறையிற் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றையும் பிரெஞ்சு நாசக்கப்பல் ஒன்றையும் அழித்த முல்லர், நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவை அடைந்தார். அங்குள்ள தந்தி நிலையத்தை அழிக்கத் தம் வீரர் ஐம்பதின்மரைக் கரையில் இறக்கினார். நிலையத்தார் அதற்குள் எச்சரிக்கை விடுத்துவிட்டனர். ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிச்சென்ற கப்பற்கூட்டத்திற்குக் காவலாயிருந்த சிட்னி என்னும் கப்பல், ஐம்பது மைலளவில் இருந்தது. உடனே விரைந்து வந்தது. அதன் புகையைக் கண்ட எம்டனார், தம் நிலக்கரிக் கப்பலே வருகின்றதென்று கருதினர். பிறரைப் பொய்ப் புகைபோக்கியால் ஏமாற்றியவர் மெய்ப்புகையைக் கண்டு தாமே ஏமாந்தனர்! பெரிய பீரங்கிகளையுடைய சிட்னியின்முன் எம்டன் சிதைந்து, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறைமேல் ஏறி நின்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கரையிலிருந்தவர் ஒரு பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பியது வேறு கதை.

எனினும் அவ்வொரு பிழையை வைத்து முல்லரைப் பழித்தல் நேர்மையன்று. அன்று தப்பியிருந்தாலும் அவருக்குப் புகலிடம் ஏது? சிங்டாவ் அதற்கு இரண்டு நாள் முன்னரே ஜப்பானியர் கையில் வீழ்ந்துவிட்டது. ஸ்பேயும் டிசம்பர் 8-இல், தேவையின்றிப் பாக்லாந்துத் தீவுகளைத் தாக்கப் போய், அங்கே தம்மினும் வலிய கப்பல்கள் நிற்பதை அணுகியபின்னரே அறிந்து, தம் புதல்வர் இருவரோடும் மாண்டார்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் ஜெர்மானியர் அவ்வழியையே பின்பற்றினர். 1939-இல், மாண்ட தலைவரின் பெயரையே தாங்கிய கிராப் ஸ்பே தனியே அனுப்பப்பட்டது. போர்க்கப்பல்களோடு பொருதல் கூடாதென்று கட்டளையிருந்தும் அதன் தலைவர் லாங்ஸ்டார்ப் டிசம்பர் 13-இல் மூன்று ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்தார். பழுதுபட்டு மாண்டிவிடியோவில் ஒதுங்கி, நான்கு நாட்களில் தம் கப்பலைத் தாமே வெடிவைத்து மூழ்கடித்தார்.

இத்தாலியரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1941 மார்ச்சில் மாடபன் முனையருகே, செயலற்று நின்ற போலா என்னும் கப்பலுக்குத் துணையாக வேறிரு பெருங்கப்பல்களை இருளில் திருப்பி அனுப்பினார் அவர்தம் படைத்தலைவர் யாக்கினோ. ராடார் கருவி அவர்களிடம் இல்லை. இரவிற் பெரும்பீரங்கிகளைச் சுடும் பயிற்சியும் இல்லை. ஆங்கிலப் பெருங்கப்பல்கள் அணுகிச் சுட்டபொழுதும் அவர்களுடைய பீரங்கிகள் ஆயத்தமின்றியே இருந்தன. மூன்று பெருங்கப்பல்களும் இரண்டு நாசக்கப்பல்களும் மூழ்கின. 2,300 பேர் வரையில் இறந்தனர்.

நமக்கு அணித்தான செங்கடலில் மசாவா துறையில் அவர்கள் வைத்திருந்த நீர்மூழ்கிகள் எட்டு. சூயஸ் வழி அடைபடும் என்பது வெளிப்படை. அவ்வாறிருந்தும், போதிய எண்ணெயைச் சேர்த்துவைக்குமுன்னரே முசோலினி 1940 ஜூன் 10-இல் யுத்தம் அறிவித்தார். குளிரூட்டும் கருவியிலிருந்து கசிந்த நச்சுக்காற்றால் சில நீர்மூழ்கிகளின் மாலுமிகள் மயங்கினர். ஒன்று பாறையில் ஏறிற்று. மற்றொன்றை ஏடன் அருகே ஒரு சிறு காவற்கப்பல் உயிரோடு சிறைபிடித்தது. அம்மாதம் முடிவதற்குள் நான்கு போயின. எஞ்சிய நான்கும் 1941 மார்ச்சில், மசாவா வீழுமுன், ஜெர்மானியக் கப்பல்களிடம் நடுக்கடலில் எண்ணெய் பெற்று, ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு பிரான்சு தேசத்துப் போர்டோ துறையைச் சேர்ந்தன. அவற்றுள் பெர்லா என்பது கரையோரப் பணிக்கென்றே கட்டப்பட்ட சிறு கலம்.