முள் பொய் சொன்னால் டேங்கியைக் கேளுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் வந்தவர்களில் பழைய லோரியை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. மீட்டர் முள் பாதி டேங்கி காட்டிக்கொண்டிருக்கும்போதே லோரி செம்மண் பாதையில் நின்றுவிட்டால், அன்றைய கூலி போயிற்று. டீசல் வற்றினால் குழாயில் காற்றும் புகுந்துவிடும். எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. மானியக் கார்டு இல்லாத வண்டிக்காரருக்கு ஒவ்வொரு லிட்டரும் கணக்குத்தான்.

முள் தவறினால் உடனே புது மீட்டர் வாங்காதீர்கள். டேங்கிக்குள் ஒரு மிதவை எண்ணெயோடு ஏறி இறங்கும். அதன் கை ஒரு மின்தடைப் பட்டையில் நகரும். அந்தத் தடை மாறுவதைத்தான் முள் காட்டுகிறது. ஆகவே கோளாறைத் தேட வேண்டிய வரிசை இது.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். சூடு காட்டும் முள்ளும் சேர்ந்து தவறினால், இரண்டுக்கும் மின்சாரம் தரும் சீராக்கியைச் சந்தேகியுங்கள். எண்ணெய் முள் மட்டும் தவறினால் டேங்கிக்குப் போங்கள். மழையும் சேறும் முதலில் தின்பது எர்த் வயரைத்தான். மிதவைக் கருவியின் உடம்பிலிருந்து சேஸியின் துருவில்லாத இடத்துக்குத் தனி வயர் ஒன்று கொடுத்துப் பாருங்கள். முள் திருந்தினால், சில ரிங்கிட் செலவில் வேலை முடிந்தது.

திருந்தவில்லையா? மிதவைக் கருவிக்கு வரும் வயரைக் கழற்றி, ஓரிரு விநாடி மட்டும் சேஸியில் தொடுங்கள். பல ஜப்பானிய லோரிகளில் முள் நிறைவுக்கு ஏறும். சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். முள் அசைந்தால் மீட்டரும் வயரும் நலம், கோளாறு டேங்கிக்குள். கருவியை வெளியே எடுத்து மிதவையைக் குலுக்குங்கள். உள்ளே எண்ணெய் சலசலத்தால் அது ஓட்டை. கையை மெல்ல நகர்த்தும்போது மல்டிமீட்டரில் எண் குதித்தால் பட்டை தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் வண்டியானால் டேங்கியருகே தீப்பொறிக்கு இடமே தராதீர்கள். இந்தச் சோதனையை வோர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

சரிசெய்த பிறகு, வற்றிய டேங்கியில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, சமதளத்தில் முள் நிற்கும் இடத்தை ஒரு தாளில் குறித்து டாஷ்போர்டில் ஒட்டுங்கள். அடுத்து அந்த லோரியை எடுப்பவர் உங்கள் மகனாகவும் இருக்கலாம்.